ஆடியில் பூத்த லாக்கர்: மார்த்தாண்டத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரின் மறுபூச்சு

ஆலயப் பாடகர் குழு ஒன்றின் கிட்டார் இது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம், விலை குறைந்த ரகம். பாஸ்வுட் பாடி, மேப்பிள் நெக், ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு, மூன்று சிங்கிள் காயில் பிக்கப், ஆறு திருகில் நிற்கும் டிரெமோலோ பிரிட்ஜ். வாங்கியபோது நிறம் கறுப்பு. ஆகஸ்ட் திருவிழாவுக்குள் புது நிறம் வேண்டும் என்று ஜூலையில், மார்த்தாண்டம் பக்கத்தில் உள்ள கார் டிங்கரிங் பட்டறை ஒன்றில் வெளிறிய கடல்பச்சை அடித்து, மேலே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் லாக்கர் ஏற்றினார்கள். நெக்குக்குப் பழைய கிட்டார்களின் தேன்நிறம் வரட்டும் என்று ஹார்டுவேர் கடையில் கிடைத்த வால்நட் ஸ்டெயினைத் துணியில் தொட்டுத் தேய்த்தார்கள். திருவிழாவும் ஆயிற்று, கிறிஸ்துமஸும் ஆயிற்று. ஜனவரியில் அது மறுவேலைக்கு வந்தபோது ஐந்து குறைகள் இருந்தன.

பாடியின் முன்பக்கக் கீழ்ப்பாதியில், கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு வெண்மை. வாசிப்பவரின் வலது முன்கை உரசும் விளிம்பில் கடுகளவிலிருந்து மிளகளவு வரை வட்டக் குழிகள். குழியின் அடியில் வெறும் மரம். நெக் உட்காரும் பொந்தின் இரு ஓரமும் பெயின்ட் சில்லுசில்லாகத் தெறித்திருந்தது. நெக்கின் முதுகு திட்டுத்திட்டாகக் கறுத்தும் வெளுத்தும் கிடந்தது. கை வைத்தால் பிசுக்கு. கடைசியாக, ஆம்ப்பில் செருகினால் ஓயாத இரைச்சல். கம்பியைத் தொட்டால் கொஞ்சம் அடங்க வேண்டும், அடங்கவில்லை.

பட்டறைக்காரர்களின் கை மோசம் என்று சொல்ல முடியாது. நிறம் எங்கும் ஒரே அடர்த்தி, ஓரிடத்திலும் வடியவில்லை. கார் கதவு தகரம், கிட்டார் மரம், வித்தியாசம் அங்கேதான். தகரம் எண்ணெய் குடிக்காது. தகரத்தில் இன்னொரு துண்டு இறுக்கமாக உட்கார வேண்டிய பொந்தும் கிடையாது. இந்த ஐந்து குறைகளில் ஒன்றுகூட ஸ்ப்ரே கன் பிடித்த கையால் வந்ததல்ல. கன்னை எடுப்பதற்கு முன்பே மரத்திலும் காற்றிலும் இருந்தவை, அல்லது மூடாமல் விட்டவை.

பிரித்தபோது தெரிந்தது

இந்த வகைக் கிட்டாரில் பிக்கப்புகளைத் தாங்கும் முன்பக்கத் தகடான பிக்கார்டைத் தனியே எடுக்கப் பாடியிலிருந்து விடுவிக்க வேண்டிய வயர் மூன்றுதான். ஜாக்குக்குப் போகும் இரண்டு, பின்புறம் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கித் தகட்டுக்குப் போகும் எர்த் வயர் ஒன்று. எடுக்கும் முன் போனில் படம் பிடித்துக்கொண்டால் போதும். இங்கே எர்த் வயரை விடுவிக்கும் வேலையே இல்லை. கொக்கித் தகட்டின் மேல் கடல்பச்சை பெயின்ட், அதன் மேல் ஈயத்தை உருட்டி வைத்திருந்தார்கள். பெயின்டில் ஈயம் பிடிக்காது. ஈயக் குண்டு வயர் நுனியோடு கழன்று குழிக்குள் கிடந்தது. ஐந்தாவது குறைக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

நெக்கைக் கழற்ற நான்கு திருகை எடுத்த பிறகும் அது வரவில்லை. பொந்தின் உள்சுவரிலும் பிரைமர், நிறம், கிளியர் மூன்றும் ஏறியிருந்தன. வெர்னியர் வைத்தால் நெக்கின் அடிப்பாகம் 56.0 மி.மீ., பொந்து 55.5. அந்த அரை மில்லிமீட்டரை யாரோ கையால் அடித்துத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். அடித்த அடியில் ஓரத்துப் பெயின்ட் தெறித்தது. பொந்தின் உள்ளே பெயின்ட் போகக் கூடாது என்பது கிட்டார் பூச்சின் முதல் பாடம். காரில் அப்படி ஓர் இடமே இல்லாததால் யாருக்கும் தோன்றவில்லை.

எந்த இடத்தில் எந்தப் பூச்சு இருக்கிறது என்று தெரியாமல் உப்புத்தாளைத் தொடக் கூடாது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம், இரண்டு பஞ்சுத் துண்டு போதும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்கு இளகினால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னருக்கு இளகிப் பிசுபிசுத்தால் என்.சி. லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியெஸ்டர் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்). இந்தப் பாடியில் கடல்பச்சை தின்னரில் கரைந்து பஞ்சில் வந்தது. அடியில் இருந்த பழைய கறுப்பு அசையவே இல்லை. அதாவது, ஆலையில் போட்ட பாலியெஸ்டர் அப்படியே இருக்கிறது. அதன் மேல்தான் புதுப் பெயின்ட். முன்கை விளிம்பில் மட்டும் 14 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்துக்குக் கறுப்பு சில்லுவிட்டு உதிர்ந்து மரம் தெரிந்திருந்தது. பூச்சின் கனம் அங்கே அளந்தால் 0.6 மி.மீ.

குழிகளைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே போனால், எல்லா வட்டமும் அந்த 14 செ.மீ.க்குள்ளேயே விழுந்தன. பாலியெஸ்டர் மேல் ஒன்றுகூட இல்லை. கம்ப்ரசரிலிருந்து எண்ணெயோ தண்ணீரோ வந்திருந்தால் குழி பாடி முழுக்கச் சிதறியிருக்கும். பட்டறைக் காற்றில் கார் பாலிஷின் சிலிக்கோன் மிதந்திருந்தாலும் அப்படித்தான். ஓரிடத்தில் மட்டும் குழி என்றால் பகை அந்த மரத்துக்குள்தான் இருக்கிறது.

கிட்டார்க்காரத் தம்பியிடம் கேட்டதும் தெரிந்துபோயிற்று. பெயின்ட் உதிர்ந்த இடம் வெளிறிப்போய் அசிங்கமாக இருந்ததாம், அதனால் வாரம் ஒரு தரம் எண்ணெய் தடவி மினுக்கியிருக்கிறார். ஃப்ரெட்போர்டுக்கும் அதே எண்ணெய். "தேங்காயெண்ணெதானே அண்ணே, கெட்டது ஒண்ணும் போடலையே!"

தேங்காயெண்ணெய்

லின்சீட் எண்ணெய் காற்றுப் பட்டால் கெட்டியாகிப் படலமாகும். மரவேலைக்கு அது உதவுவது அதனால்தான். தேங்காயெண்ணெய் காயவே காயாது. 24 டிகிரி வாக்கில் உறையும். மார்த்தாண்டத்தில் வருடத்தில் பெரும்பாலான நேரம் திரவமாகவே இருக்கும். பாஸ்வுட் மென்மையான மரம், நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். எண்ணெயையும் அதே தாராளத்தோடு உள்ளே வாங்கிக்கொள்ளும். அதன் மேல் லாக்கர் விழும்போது, எண்ணெயின் பரப்பு இழுவிசை லாக்கருடையதைவிடக் குறைவாக இருப்பதால், ஈரமான படலம் அந்தப் புள்ளியிலிருந்து விலகி ஓடி வட்டமாக நிற்கும். பெயின்டர்கள் மீன்கண் என்று சொல்வது இதைத்தான். அதன் மேல் இன்னும் நாலு கோட் அடித்தால் மூடிவிடும் என்று நினைப்பது வீண். ஒவ்வொரு கோட்டும் அதே இடத்தில் விலகும்.

மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று தோன்றும். ஆகாது. தின்னர் துணியால் துடைத்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது நம்பகமான சோதனை. எண்ணெய் இல்லாத மரத்தில் சொட்டு சில விநாடிகளில் பரந்து கறையாக இறங்கும். எண்ணெய் உள்ள மரத்தில் சேம்பிலைத் தண்ணீர்போல உருண்டு நிற்கும். இங்கே துடைத்த உடனே இறங்கியது. மறுநாள் காலையில் மறுபடி வைத்தால் உருண்டது. இரவில் உள்ளிருந்த எண்ணெய் மேலே ஏறியிருக்கிறது. இந்த மறுநாள் சோதனையைத் தவறவிட்டதால் கெட்ட வேலைகள் ஏராளம்.

எடுத்த வழி இது. வெறும் சாக்பவுடரைத் தின்னரில் குழைத்து, தோசை மாவைவிடக் கெட்டியாக, 3 மி.மீ. கனத்துக்கு அப்பியது. தின்னர் எண்ணெயைக் கரைக்கும். மேலே ஆவியாகும்போது கரைந்த எண்ணெயைத் தூளுக்குள் இழுத்து விட்டுவிடும். காய்ந்து வெடித்ததும் உலர்ந்த பிரஷால் தட்டிவிட வேண்டும். முதல் அப்பல் உதிர்ந்தபோது தூள் வெளிர்மஞ்சளாக, சிக்கு வாடையோடு இருந்தது. இரண்டாவதில் மஞ்சள் குறைந்தது. நான்காவதில் தூள் வெள்ளையாகவே விழுந்தது, மறுநாள் வைத்த தண்ணீர்ச் சொட்டும் இறங்கியது. தின்னர் நனைந்த துணி, பஞ்சு எல்லாவற்றையும் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைக்க வேண்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் ஆகாது.

ஆடி மாதக் காற்று

வெண்மைக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும். என்.சி. லாக்கருக்கு இதைவிடக் கெட்ட சேதி இல்லை. தின்னர் ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு சில டிகிரி குளிர்கிறது. 27 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறக்குறைய 25 டிகிரி. அதாவது, பரப்பு 2 டிகிரி குளிர்ந்தாலே காற்றின் ஈரம் நுண்துளியாக லாக்கரில் இறங்கிவிடும். அதே 27 டிகிரியில் ஈரப்பதம் 60 என்றால் பனிநிலை 18.5 வாக்கில் இருக்கும். 8 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. ஜூலைச் சாரலில் முதல் கணக்குதான். படலத்துக்குள் சிக்கிய அந்த நீர்தான் வெண்மை. 'லாக்கர் பூத்துவிட்டது' என்று பாலிஷ் ஆசாரிகள் சொல்வது.

இந்த ஒரு குறை மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு பிரிக்க வேண்டியதில்லை. வெயில் அடிக்கும் நாளில் ரிடார்டர் என்கிற மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் லேசான புகைபோல ஒரு கோட் அடித்தால், லாக்கர் மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். இந்தப் பாடியின் பின்பக்கத்தில் அதைச் செய்து பார்த்தபோது உள்ளங்கை அளவு இடம் பளிச்சென்று தெளிந்தது. குழிகளுக்கும் பொந்துக்கும் அது மருந்தல்ல என்பதால் முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று.

மழைக்காலத்திலேயே அடித்தாக வேண்டும் என்றால் தின்னரில் 5 முதல் 10 சதவீதம் ரிடார்டர் கலக்கலாம். அதற்கு மேல் கலந்தால் படலம் வாரக்கணக்கில் மெத்தென்று கிடக்கும். தை, மாசி வரை பொறுத்து, காலை 11 மணிக்கும் மாலை 3 மணிக்கும் நடுவில் அடிப்பதே புத்தி. நூற்றுச் சொச்சம் ரூபாய் ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டி, முள் 65-க்குக் கீழே இருந்தால் மட்டும் கன்னை எடுப்பது என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

இரண்டு பொருள் கலக்கும் பி.யு. அடித்திருக்கலாமே என்பார்கள். உழைப்பில் அது என்.சி.யை வெல்லும், வியர்வைக்கும் அசையாது. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அந்தப் புகையைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரும், துணி முகமூடி அதற்கு ஒன்றுமே இல்லை. ஈரக்காற்றில் அதுவும் நல்ல பிள்ளையல்ல: ஐசோசயனேட் நீரோடு சேர்ந்து கரியமில வாயுவை விடும், படலத்தில் ஊசிக்குமிழ் விழும். என்.சி.யைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாளை ஓர் இடம் கீறினால் புது லாக்கர் பழையதைக் கரைத்து ஒன்றாகிவிடும். ஒட்டுப்போட்ட தடம் தெரியாது. என்.சி. அடிக்கவும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும்.

பாடி

கடல்பச்சை முழுவதையும் தின்னரில் நனைத்த துணியைப் பரப்பி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் வழித்தாயிற்று. 1 லிட்டர் தின்னர் போனது. அடியிலிருந்த பாலியெஸ்டரை எடுக்கவில்லை. ஹீட் கன்னால் கொப்பளிக்கவைத்துச் சுரண்டலாம். ஒரு நாள் முழுக்கப் போகும், பாஸ்வுட் கருகும், பள்ளம் விழும். பூச்சு கனமாக இருந்தால் மரம் பாடாது என்றொரு நம்பிக்கை உலவுகிறது. திடப் பாடி எலெக்ட்ரிக்கில், அதுவும் இந்த விலைக் கிட்டாரில், அதற்காக ஒரு நாளைச் செலவழிப்பது அர்த்தமில்லாதது. உறுதியாக ஒட்டியிருக்கும் பாலியெஸ்டரைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. 320 உப்புத்தாளால் பளபளப்பை மட்டும் கொன்றால் போதும்.

முன்கை விளிம்பில் மரத்துக்கும் பாலியெஸ்டருக்கும் நடுவே 0.6 மி.மீ. படி இருந்தது. கார் பட்டி அங்கே வேண்டாம். மிச்ச எண்ணெய் இருந்தால் ஓடாகப் பெயரும். மெதுவாக இறுகும் எபாக்சி இரண்டு பங்கையும் சமமாகக் கலந்து, பழைய ஏ.டி.எம். கார்டால் இழுத்து, படியைவிடத் துளி மேடாக நிரப்பி 24 மணி நேரம் விட்டது. இறுகிய எபாக்சியின் மேல் மெழுகுபோல ஒரு வழுவழுப்பு வரும், ஈரக்காற்றில் அதிகமாக. அதை முதலில் தண்ணீரும் ஸ்க்ரப் பேடும் கொண்டு கழுவ வேண்டும். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், அடுத்த கோட்டும் பிடிக்காது. பிறகு மரக்கட்டையில் சுற்றிய 180, 240, 320. வெறும் விரலால் தேய்த்தால் மென்மையான மரம் சீக்கிரம் தேய்ந்து விளிம்பு அலைபாயும்.

அதன்மேல் அரக்கு. அவல்போலச் செதில்செதிலாகக் கிடைக்கும் அவலரக்கில் 25 கிராமை 200 மி.லி. ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, அவ்வப்போது குலுக்கி, கரைந்தபின் இரண்டு நாள் அசைக்காமல் வைத்தால் மெழுகு அடியில் பால்போலப் படியும். மேலே உள்ள தெளிவை மட்டும் வடித்தெடுக்க வேண்டும். மெழுகு கலந்தால் மேற்கோட்டின் பிடிப்பு தளரும். எண்ணெயையும் சிலிக்கோனையும் மேலே ஏறவிடாமல் அடைப்பதில் அரக்குக்கு ஈடு எதுவும் இல்லை, விலையும் மலிவு. எபாக்சிக்கும் அதைச் சுற்றி நான்கு விரற்கடை பாலியெஸ்டருக்கும் மூன்று கோட் போட்டாயிற்று. மிச்சம் 120 மி.லி. தெளிவு நெக்குக்கு.

பொந்துக்குள் அளவாக வெட்டிய ரப்பர் மரத் தடிக் கட்டை ஒன்றை, நெக் திருகுகளாலேயே முடுக்கினால் இரண்டு காரியம் முடியும்: பொந்து மூடப்படும், பாடியைப் பிடிக்கவும் தொங்கவிடவும் கைப்பிடி கிடைக்கும். பொந்தில் ஏற்கெனவே இருந்த பெயின்டைத் தின்னரால் எடுத்தபோது அது தன் 56 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது. கொக்கித் தகட்டைக் கழற்றித் தனியே வைத்தாயிற்று.

மேலே ஊற்றும் வகைக் கன், 1.4 மி.மீ. நாசில், கன்னருகே 30 பி.எஸ்.ஐ., பரப்பிலிருந்து ஒரு சாண். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதி ஏற வேண்டும். வெள்ளை பிரைமர் மூன்று கோட். காய்ந்ததும் மேலே கறுப்பை லேசாகத் தூவி 400-ஆல் தேய்த்தால் பள்ளம் இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு மிஞ்சிக் காட்டிக்கொடுக்கும். இரண்டு இடத்தில் காட்டியது. நிறம் 250 மி.லி., இரண்டரைக் கோட்டில் முடிந்தது. கிளியர் லாக்கரும் தின்னரும் சமபங்கு. ஒரு மணி நேர இடைவெளியில் நாளைக்கு மூன்று கோட், மூன்று நாளில் ஒன்பது. மொத்தம் 350 மி.லி. லாக்கர் பிடித்தது. அவசரப்பட்டு ஒரே நாளில் ஒன்பதையும் ஏற்றினால் மேல்தோல் காய்ந்து அடியில் தின்னர் சிக்கும். ஒரு மாதம் கழித்து மர இழைவழியே படலம் உள்வாங்கும்.

அதன்பின் 30 நாள் தொடவில்லை. மூக்கை வைத்து மோந்தால் தின்னர் வாடை இருக்கக் கூடாது. நாள் கணக்கைவிட அதுதான் சரியான அளவுகோல். வாட்டர் பேப்பர் 1000, 1500, 2000, பிறகு ரப்பிங் காம்பவுண்ட். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். திருகுத் துளைகளை முன்கூட்டியே மெழுகுவர்த்தி மெழுகால் அடைத்துவிட வேண்டும். துளைக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் உப்பி, துளையைச் சுற்றி லாக்கர் நட்சத்திரமாக வெடிக்கும். அந்த வெடிப்புக்கு மருந்தில்லை.

நெக்

நெக்கின் திட்டுகளுக்குக் காரணம் ஸ்டெயின் அல்ல. ஆலையில் போட்டிருந்த பி.யு. படலத்தை உப்புத்தாளால் அரைகுறையாகத் தேய்த்துவிட்டு ஸ்டெயின் பூசியிருக்கிறார்கள். படலம் போன இடத்தில் மரம் குடித்தது, படலம் இருந்த இடத்தில் மேலேயே நின்று பிசுக்காயிற்று. முழுவதும் எடுத்திருந்தாலும் வெறும் மேப்பிளில் ஸ்டெயின் சீராக இறங்காது. நெருக்கமான மரம், சுருள் இழை உள்ள இடம் அதிகம் குடித்துக் கறுக்கும். நிறத்தை மரத்தில் ஏற்றாமல் லாக்கரில் ஏற்றுவதே நெக்குக்கு வழி. பழைய கிட்டார் நெக்குகளின் தேன்நிறமும் மரத்தின் நிறமல்ல. மேலே இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வருடக்கணக்கில் மஞ்சளானதுதான் அதில் பெரும்பங்கு.

முதுகில் இருந்த படலத்தை ஸ்கிரேப்பர் தகட்டால் இழுத்து எடுத்து 220, 320-இல் முடித்தாயிற்று. சுரண்டும்போது முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாவதிலும் நெக்கின் கனத்தை வெர்னியரால் அளந்துகொண்டே போவது நல்லது. கைக்குப் பழகிய வளைவு 0.3 மி.மீ. குறைந்தாலும் வாசிப்பவருக்குத் தெரியும். தலைப்பாகத்தின் முன்புறத்தைச் சுரண்டவில்லை. நிறுவனத்தின் பெயர் அங்கே படலத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. சாம்பல்நிற ஸ்காட்ச்-பிரைட்டால் பளபளப்பை மட்டும் எடுத்தது.

இங்கேயும் எண்ணெய் வந்து நின்றது. ஃப்ரெட்போர்டுக்கும் மேப்பிளுக்கும் இடையிலான ஒட்டுக்கோட்டை ஒட்டி, மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து ஒன்பதாவது வரை, நூல் அகலத்தில் ஒரு கறுப்புக் கரை. ரோஸ்வுட் குடித்த தேங்காயெண்ணெய் பக்கவாட்டில் மேப்பிளுக்குள் இறங்கியிருக்கிறது. அதே சாக்பவுடர் அப்பல் இரண்டு தரம். கறுப்பு பாதி வெளுத்தது, மீதியை அரக்கு அடைத்தது.

நெக்குக்கு அரக்கு இரட்டை வேலை செய்கிறது. அவலரக்கே ஆரஞ்சு கலந்த பொன்நிறம். இரண்டு கோட் போட்டாலே தேன்நிறத்தில் பாதி வந்துவிடும். மீதிக்குத்தான் சாயம். 100 மி.லி. தின்னர் கலந்த லாக்கருக்கு மஞ்சள் டை 10 சொட்டு, பிரவுன் 3, சிவப்பு 1 என்று தொடங்கியது. சிவப்பில் இன்னொரு சொட்டு விழுந்தால் நெக் தக்காளிச் சட்னி நிறத்துக்குப் போய்விடும். சமையலறை மஞ்சள்பொடியை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பழக்கமும் இருக்கிறது. முதல் நாள் அருமையாகத்தான் இருக்கும். வெயிலில் நாலு நாள் வைத்தால் வெளுத்துப்போகும். மஞ்சளின் நிறமி வெளிச்சம் தாங்காது.

மாதிரிக்கு நாகர்கோவில் வரை போய் மேப்பிள் தேட வேண்டாம். இந்தப் பக்கத்தில் மரச்சாமான் கடைகளில் உதிரியாகக் கிடக்கும் பதப்படுத்திய ரப்பர்த் தடி நிறத்தில் மேப்பிளுக்குக் கிட்டத்தட்ட வரும். நுண்துளை பெரிது, அதனால் இழை வேறாகத் தெரியும். நிறம் பார்க்க அது தடையில்லை. நான்கு துண்டுக்கு அரக்கு போட்டு, சாய லாக்கர் 2, 3, 4, 6 கோட் அடித்து, வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது 3 போதும் என்று ஆயிற்று. அதே நான்கையும் மஞ்சள் எல்.இ.டி. விளக்கின் கீழே வைத்தால் 3-க்கும் 6-க்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. இரவில் நிறம் பார்த்து முடிவுசெய்யக் கூடாது.

ஃப்ரெட்போர்டு, தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட், பொந்தில் உட்காரும் அடிப்பாகம் மூன்றுக்கும் டேப். ட்யூனர் துளைகளில் சுருட்டிய காகிதம். இல்லாவிட்டால் துளை குறுகி, ட்யூனரை அழுத்தும்போது லாக்கர் வெடிக்கும். நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே ஓடும் டிரஸ் ராட் கம்பியின் வாயில் ஸ்பாஞ்ச். சாய லாக்கரை ஈரம் சொட்ட அடிக்கக் கூடாது. ஓரத்தில் தேங்கும் இடம் கறுத்துக் கோடாகும். மெல்லிய மூன்று கோட், மேலே சாயமில்லாத கிளியர் நான்கு. கிளியர் இல்லாமல் விட்டால், பின்னால் மெருகு தேய்க்கும்போது நிறமே தேய்ந்து வெளுப்புத் திட்டு விழும். கடைசிக் கோட் அடித்து அரை மணியில், டேப் ஓரத்தைப் பிளேடால் லேசாகக் கீறிவிட்டுப் பிரித்தால் கோடு சுத்தமாக நிற்கும். மறுநாள் பிரித்தால் டேப்போடு லாக்கரும் சில்லாக வரும்.

மூன்று வாரம் கழித்து முதுகை மட்டும் ஸ்காட்ச்-பிரைட்டும் 0000 ஸ்டீல் உல்லும் கொண்டு மட்டாக்கியாயிற்று. பளபளப்பான நெக் இந்த ஊர் வியர்வையில் கையைப் பிடித்து இழுக்கும். ஸ்டீல் உல் வேலையை நெக் தனியாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்; தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டினால் எடுக்க நாளாகும்.

பூட்டியது

கொக்கித் தகட்டின் ஒரு மூலையில் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, 60 வாட் சால்டரிங் அயர்னால் எர்த் வயரைப் பற்றவைத்தாயிற்று. 25 வாட் அயர்ன் அந்தத் தகட்டைச் சூடாக்கவே முடியாது. முன்பு நடந்ததும் அதுவாக இருக்கலாம். பிரிட்ஜுக்கும் ஜாக்கின் எர்த் முனைக்கும் மல்டிமீட்டர் வைத்தால் 0.4 ஓம். நெக் இப்போது கையால் அழுத்தினால் உட்கார்ந்தது, தூக்கினால் விழவில்லை. நான்கு திருகும் பாடித் துளையில் தங்குதடையின்றி வழுக்கிப் போய் நெக்கில் மட்டும் மரை பிடிக்க வேண்டும். பாடியிலும் பிடித்தால் நடுவில் முடி அளவு இடைவெளி நிற்கும். 10-46 கனமுள்ள கம்பி ஏற்றினால் ஏறக்குறைய 47 கிலோ இழுவை, அந்த இடைவெளி மெல்லச் சாயும். நெக்கின் வளைவு 0.25 மி.மீ., பதினேழாவது ஃப்ரெட்டில் கம்பி உயரம் 1.6. ஃப்ரெட்போர்டுக்கு இனி வருடத்துக்கு ஒரு முறை நாலு சொட்டு மினரல் ஆயில், வேறு எதுவும் இல்லை என்று தம்பியிடம் சொல்லியனுப்பியது.

சொல்ல மறந்தது ஸ்டாண்டை. ஆலயத்தில் இருந்த கிட்டார் ஸ்டாண்டின் கைகளில் ரப்பர்க் குழாய் போட்டிருந்தார்கள். அந்த ரப்பரில் இருந்து கசியும் இளக்கிப் பொருள் என்.சி. லாக்கரைத் தின்னும். பாலியெஸ்டருக்கு ஒன்றும் ஆகாது என்பதால் இத்தனை வருடம் தெரியவில்லை. மூன்றே வாரத்தில் பாடியின் அடியில் இரண்டு சிறு தழும்பு விழுந்தது. பருத்தி வேட்டித் துண்டைச் சுற்றிக் கட்டியதும் நின்றது. தழும்புகளை லாக்கர் சொட்டு வைத்து நிரப்பித் தேய்த்தபோது தடமில்லாமல் போயின.

அடுத்த ஜூலையில், சாரல் நாளொன்றில், மறுபடி பார்த்தபோது வெண்மை இல்லை, குழி இல்லை, பொந்தோரம் முழுதாக இருந்தது. நெக்கின் எண்ணெய்க் கரை இருந்த இடத்தில் நிறம் நூலளவு அழுத்தம், சொன்னால்தான் தெரியும். ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. பாடியைச் சன்னலோரம் சாய்த்துப் பிடித்தால், முன்கை விளிம்பில் எபாக்சியும் பாலியெஸ்டரும் சேரும் கோடு பென்சிலால் வரைந்ததுபோல லேசாக மேலே தெரிகிறது. லாக்கர் மாதக்கணக்கில் சுருங்கும்போது அடியில் இருக்கும் இரண்டு பொருளின் ஓரம் இப்படி எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் பாலியெஸ்டரைச் செங்குத்தாக விடாமல் இன்னும் மூன்று நான்கு செ.மீ. சரிவாகத் தேய்த்துவிட்டு எபாக்சி போட்டிருந்தால் கோடு வந்திருக்காது.